அத்தியாயம் 3: கட்டடம் கட்டுவதற்கு முன்

சேலத்திலோ நாமக்கல்லிலோ மறதிநோயாளிகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நாலு பேர் கூடினால், பேச்சு பெரும்பாலும் இடத்தில்தான் ஆரம்பிக்கும். யாராவது ஒருவர் அரை ஏக்கர் தருவதாகச் சொல்வார். செங்கல், ஜல்லி, நன்கொடையாளர் பெயர் பொறித்த கல் என்று கணக்கு வேகமாக ஓடும். ஆர்வம் நல்ல ஆர்வம்தான். ஆனால் தன்னார்வலர்கள் நடத்தும் ஒரு சிறிய அமைப்பு முதல் இரண்டு மூன்று வருடங்களுக்கு இல்லம் கட்டக் கூடாது, வீடுகளுக்குப் போக வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். அப்படிப் போகிற வீட்டிலும் நோயாளியை மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்பாமல், அவரைப் பார்த்துக்கொள்கிறவர் எப்படி இருக்கிறார் என்பதை முதலில் கவனிக்க வேண்டும்.

எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். 1990-களில் சென்னைக்குத் தெற்கே திருப்போரூர் வட்டாரக் கிராமங்களில் நடந்த ஆய்வு, அறுபது வயதைத் தாண்டியவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா என்னும் மறதிநோய் இருப்பதாகக் கண்டது. 2023-இல் வெளியான, நாடு தழுவிய லாசி-டாட் ஆய்வு சொல்லும் விகிதம் 7.4 சதவீதம், நாடு முழுவதும் சுமார் 88 லட்சம் பேர். நகரத்தைவிடக் கிராமத்தில் கூடுதல் (நகரில் 5.3, கிராமத்தில் 8.4), ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதல். இரண்டும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு முறையில் அளந்தவை. நம் தேவைக்கு இரண்டையும் இரு எல்லைகளாக வைத்துக்கொண்டு ஓர் ஊராட்சிக்குக் கணக்குப் போட்டாலே போதும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அறுபதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம், இன்று அது கூடியிருக்குமே தவிரக் குறைந்திருக்காது. 5,000 பேர் வாழும் ஊராட்சியில் 520 முதியவர்கள். அவர்களில் குறைந்த விகிதப்படி 18 பேர், கூடிய விகிதப்படி 38 பேர். பத்துக் கட்டில் போட்டு ஓர் இல்லம் திறந்தால் அந்த ஒரே ஊராட்சிக்குக்கூட அது காணாது. செலவையும் பாருங்கள். ஒரு ஷிப்டுக்கு இரண்டு பேர் என்று இழுத்துப் பிடித்தாலும் மூன்று ஷிப்டுக்கு ஆறு பேர், வார விடுப்புக்கு மாற்றாள் ஒருவர், சமையலுக்கு ஒருவர் என்று மாதா மாதம் எட்டுச் சம்பளம். அதற்குப் பணம் திரட்ட அலைவதே அமைப்பின் வேலையாகிவிடும். பத்துப் பேரைத் தவிர மற்றவர்கள் எப்போதும்போல வீட்டிலேயே இருப்பார்கள்.

அந்த வீடுகள் எப்படிப்பட்டவை என்பதும் முக்கியம். ஓமலூர், சங்ககிரி, ஆத்தூர் பக்கம் காட்டுக்கொட்டாய்களும் தோட்டத்து வீடுகளும் தள்ளித் தள்ளி இருக்கின்றன. பக்கத்து வீடு என்பது ஒரு குச்சிக்கிழங்கு வயலுக்கு அப்பால். திருச்செங்கோட்டில் மகன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடநாட்டுக்குப் போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறவர் வீட்டிலும் அதே நிலைதான். பள்ளிபாளையம், குமாரபாளையம், இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம் பக்கம் வீட்டை ஒட்டியே தறி ஓடுகிறது; மருமகள் பாவையும் பார்க்க வேண்டும், மாமியாரையும் பார்க்க வேண்டும். ஆக, பராமரிப்பு என்று நாம் பேசுவதெல்லாம் நடைமுறையில் ஒரு பெண், பல வீடுகளில் தனியாக, வேறொரு வேலையின் நடுவே செய்வது. அவர் படுத்துவிட்டால் அந்த வீட்டில் பராமரிப்பே கிடையாது. தன்னார்வலர்கள் அவரைத் தாங்கிப் பிடித்தால் நோயாளியும் தாங்கப்படுவார் என்று எதிர்பார்க்கலாம். இந்த எதிர்பார்ப்பைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

கோவாவில் இரண்டு தாலுகாக்களில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2008-இல் வெளியானது. டிமென்ஷியா உள்ளவர்கள் இருக்கும் 81 குடும்பங்கள் அதில் சேர்ந்தன. ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு உடனே உதவி. மற்றவர்களுக்கு ஆறு மாதம் கழித்து. வீடுகளுக்குப் போனவர்கள் மருத்துவரும் அல்ல, செவிலியரும் அல்ல. பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்க்காரர்கள். அவர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி. குறைந்தது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போனார்கள். நோய் என்ன என்று விளக்கினார்கள், குளிப்பாட்டுவது, சாப்பாடு, இரவுத் தூக்கம் ஆகியவற்றில் யோசனை சொன்னார்கள், தேவைப்பட்டால் மருத்துவரிடம் அனுப்பினார்கள், அரசுத் திட்டங்களுக்கு வழி காட்டினார்கள். மனநல மருத்துவர் ஒருவர் பகுதி நேரமாகப் பின்னால் இருந்தார். ஆறு மாத முடிவில், பார்த்துக்கொள்கிறவர்களின் மனநலம் தெளிவாகத் தேறியிருந்தது. நோயாளியின் நடத்தையால் அவர்கள் படும் வேதனையும் குறைந்திருந்தது. நோயாளியின் நடத்தையிலும் செயல்திறனிலும் அப்படி உறுதியாகச் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. இந்த இரண்டாவது முடிவை மறைக்க வேண்டியதில்லை, அது நம் அமைப்பு எதை வாக்களிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. நோயைக் குறைப்போம் என்று எந்த வீட்டிலும் சொல்லக் கூடாது. உங்கள் பாரத்தைக் குறைப்போம் என்று சொல்லலாம், அதற்கு ஆதாரம் இருக்கிறது.

கோவாவில் வீடுகளுக்குப் போனவர்கள் முழு நேரம் அதையே செய்தவர்கள். கடையையும் காட்டையும் பார்த்துக்கொண்டு வருகிற தன்னார்வலர்களால் அது முடியுமா என்பது நியாயமான கேள்வி. பதில் கேரளத்தில் இருக்கிறது. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய வலி நிவாரண, தணிப்புச் சிகிச்சைச் சங்கத்திலிருந்து வளர்ந்த முயற்சி, மலப்புறத்திலும் பக்கத்து மாவட்டங்களிலும் அக்கம்பக்கத்தார் நடத்தும் பராமரிப்பு வலையாக விரிந்தது. வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது தர முடிந்தவர்கள் சேர்ந்தார்கள். 16 மணி நேர வகுப்பு, அனுபவசாலிகளோடு நான்கு நாள் வீடு வீடாகப் போவது, இவ்வளவுதான் பயிற்சி. பணத்தில் பெரும்பங்கு உள்ளூரில் சிறுகச் சிறுகச் சேர்ந்தது. 2008-இல் கேரள அரசு தணிப்புச் சிகிச்சைக்கென்று கொள்கையே வகுத்தது. அங்கே தொடங்கியது புற்றுநோயாளிகளிடம் என்றாலும், படுத்த படுக்கையான முதியவர்களும் அதே வலைக்குள் வந்தார்கள். ஒருவர் நாற்பது மணி நேரம் உழைப்பதற்குப் பதிலாக இருபது பேர் இரண்டிரண்டு மணி நேரம் உழைத்தால், ஒருவர் விலகினாலும் வேலை நிற்காது. தன்னார்வலர்கள் ஆறு மாதத்தில் காணாமல் போய்விடுவார்கள் என்று அனுபவஸ்தர்கள் சொல்வது உண்மைதான். போகிறவர்களில் பலர் அளவுக்கு மீறிச் சுமந்தவர்கள். ஒருவருக்கு இரண்டு வீட்டுக்கு மேல் கொடுக்காதீர்கள்.

இனி வீட்டுக்குள் நடப்பது. இரண்டு பேராகப் போங்கள், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். முதல் நாள் நோட்டையும் பேனாவையும் பையிலேயே வைத்திருங்கள். கணக்கெடுக்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டால் வாய் திறக்க மாட்டார்கள். பெரியவரிடம் "என்னை யாருன்னு தெரியுதுங்களா?" என்று கேட்கவே கூடாது. தெரியவில்லை என்பது அவருக்குத் தெரிந்தால் கூசிப் போவார். "ஆத்தா, நான் மேட்டுத் தெருவுல இருந்து வர்றனுங்க, சாப்புட்டீங்களா?" என்று நாமே நம்மைச் சொல்லிக்கொண்டு ஆரம்பிக்க வேண்டும். ஒருவர் பெரியவரோடு திண்ணையில் இருக்கும்போது மற்றவர் மருமகளோடு உள்ளே போகட்டும். அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, நேற்று ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பது. அதற்குப் பதில் வந்தாலே பாதி நிலைமை புரிந்துவிடும். பேசிக்கொண்டே கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு: தோட்டத்துக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இருக்கிறதா, குளியலறைக்குப் படி எத்தனை, பூச்சிமருந்து டப்பா எங்கே இருக்கிறது, மாத்திரை அட்டை கைக்கு எட்டும் இடத்திலா, பெரியவரின் உதடு வறண்டிருக்கிறதா. சித்திரை வெயிலில் தாகம் எடுத்ததையே சொல்லத் தெரியாதவர்களுக்கு மணிக்கொரு முறை நாமாகத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பதை எந்த வீட்டிலும் சொல்லாமல் வராதீர்கள்.

நடத்தை பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். நாற்பது வருடம் தறி ஓட்டியவர் பொழுது சாய்ந்ததும் ஷிப்டுக்குப் போகணும் என்று எழுந்து கதவைத் தட்டுவார். "தறியெல்லாம் வித்து இருபது வருசமாச்சு" என்று வீட்டார் உண்மையைச் சொல்லச் சொல்ல அவர் கோபம் ஏறும். அவரோடு தெருமுனை வரை நடந்து, தறியில் என்ன ரகம் ஓடியது என்று பேச்சுக் கொடுத்து, டீ குடிக்கலாம் என்று திருப்பிக் கூட்டி வருவது பல நேரம் பலிக்கும். நகையை மருமகள் திருடிவிட்டாள் என்று பழி சொல்வது இன்னும் கொடுமை. அந்தப் பெண்ணிடம் தனியாக, இது உங்கள் மேல் உள்ள பகையில்லை, வைத்த இடம் மறந்தவருக்கு மூளை கண்டுபிடித்துச் சொல்லும் காரணம் என்று விளக்க வேண்டும். பிறகு அதையே கணவரின் காதிலும், முடிந்தால் நாத்தனார் காதிலும் போட வேண்டும். பல குடும்பங்களில் பராமரிப்பைவிட இந்தப் பழிதான் ஒரு பெண்ணை உடைக்கிறது. வெளியாள் ஒருவர் வந்து இது நோய் என்று எல்லோர் முன்னிலும் சொல்வது, இரண்டு மணி நேரம் துணி துவைத்துக் கொடுப்பதைவிடப் பெரிய உதவி. கதவைப் பூட்டி வைத்திருப்பதையோ கயிறு கட்டியிருப்பதையோ கண்டால் அதிர்ச்சியை முகத்தில் காட்டாமல், எப்போது கட்டுகிறீர்கள், அந்த நேரத்தில் நீங்கள் எங்கே போக வேண்டியிருக்கிறது என்று கேளுங்கள். அந்த நேரத்துக்கு ஓர் ஆள் கிடைத்தால் பல வீடுகளில் கயிறு தானாக அவிழும். அடியும் பட்டினியுமாக இருந்தால் விஷயம் வேறு. அதை அமைப்பின் பொறுப்பாளரிடம் அன்றே சொல்ல வேண்டும். முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது.

மருத்துவம் தெரியாதவர்களை இந்த வேலைக்கு அனுப்பலாமா என்ற கேள்வி மருத்துவர்களிடமிருந்தே வரும். அதில் உள்ள எச்சரிக்கையை முழுதாக ஏற்றுக்கொள்ள வேண்டும். மறதி எல்லாம் டிமென்ஷியா ஆகாது. தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகள், எப்போதோ வழுக்கி விழுந்ததில் மண்டைக்குள் கட்டிய ரத்தம் இவையெல்லாம் அதே போலத் தோன்றும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். கண்புரையும் காது மந்தமும் இருக்கிற தடுமாற்றத்தை இரட்டிப்பாக்கும். அதனால் அமைப்பின் பட்டியலில் பெயர் ஏறுவதற்கு முன்பே ஒருமுறை மருத்துவப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும் என்று விதி வையுங்கள். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது; நாமக்கல்லில் 2022-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது; இரண்டு மாவட்டங்களிலும் மாவட்ட மனநலத் திட்டம் உண்டு. நேற்று வரை சுமாராக இருந்தவர் ஒன்றிரண்டு நாளில் திடீரென்று குழம்பிப் போனால் அது பெரும்பாலும் சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், நீர் வறட்சி போன்ற வேறொன்று. அடுத்த வருகைவரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனை. தன்னார்வலர் மாத்திரைப் பெயர் எதையும் உச்சரிக்கக் கூடாது. முக்கியமாக, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய தூக்க மாத்திரை; ராத்திரி எழுந்து விழுந்து இடுப்பெலும்பு முறிகிறவர்களில் அதனால் விழுபவர்களும் உண்டு. ஆனால் இந்த எச்சரிக்கையெல்லாம் தன்னார்வலர் எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது. வருடத்தில் மருத்துவரைப் பார்க்கும் நேரம் எல்லாம் சேர்த்தால் ஒரு மணி நேரம் வருமா? மிச்ச நேரமெல்லாம் வீட்டில்தானே கழிகிறது.

அரசே வீடு தேடி வருகிறதே, நாம் எதற்கு என்றும் கேட்பார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளை வீட்டிலேயே கொடுக்கிறது. இயன்முறை சிகிச்சையும் தணிப்புச் சிகிச்சையும் அதில் உண்டு. அருமையான அடித்தளம் அது. அதில் வீடு வீடாகப் போகும் பெண் தன்னார்வலர்களுக்கு எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்று தெரியும். நம் அமைப்பு முதலில் போய் உட்கார்ந்து பேச வேண்டியது அவர்களிடம்தான். ஆனால் நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு மாத்திரை கொடுக்க வேண்டியவர் ஒரு வீட்டில் முக்கால் மணி நேரம் உட்கார முடியாது. அந்த முக்கால் மணி நேரம் நம் பங்கு. ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது டிமென்ஷியா வரும் வாய்ப்பையே குறைக்கக்கூடும் என்பதால், அவர்கள் வேலையும் நம் வேலையும் ஒரே வேலையின் இரண்டு முனைகள்.

குடும்பத்தின் பக்கமிருந்து வரும் எதிர்ப்பு ஆழமானது. பெற்றவர்களைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை, வெளியாள் நுழைந்தால் அந்தக் கடமை தளர்ந்துவிடும் என்பார்கள். ஊர் என்ன சொல்லும் என்ற கூச்சமும் சேர்ந்திருக்கும். பெண் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில், தாத்தாவுக்குப் புத்தி சரியில்லை என்ற பேச்சு வெளியே போகக் கூடாது என்று நினைப்பார்கள். கூச்சத்துக்கு மதிப்புக் கொடுங்கள். அமைப்பின் பெயர் எழுதிய சட்டையோ வண்டியோ வாசலில் வந்து நிற்க வேண்டாம். ஒரு வீட்டில் பார்த்ததை அடுத்த வீட்டில் பேசியவரை அன்றோடு நிறுத்திவிட வேண்டும், அவர் எவ்வளவு பெரிய நன்கொடையாளராக இருந்தாலும். கடமை தளரும் என்ற வாதத்தை மட்டும் ஏற்க முடியாது. கோவாவில் எந்தக் குடும்பத்திடமிருந்தும் பெரியவரைப் பிரித்து எடுத்துப் போகவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவரே பார்த்துக்கொண்டார், கொஞ்சம் மனம் தேறி. கடமையைச் செய்கிறவருக்கு வாரத்தில் ஒரு மதியம் சந்தைக்குப் போய்வர நேரம் கொடுப்பது கடமையைக் கெடுக்காது.

இந்த வட்டாரத்தில் வெளிப்படையாகப் பேசியே ஆக வேண்டிய விஷயம் சாதி. ஒரு சமூகத்தார் கூடித் தொடங்கும் அறக்கட்டளை, யாரும் திட்டமிடாமலே, அந்தச் சமூகத்தின் வீடுகளுக்குள் முடங்கிவிடும். யார் யார் வீட்டுச் சமையலறைக்குள் போகலாம் என்ற கணக்கு இன்னும் சாகவில்லை. பட்டியல் தயாரிக்கும் முதல் மாதத்திலேயே ஊரிலும் காலனியிலும் சேர்த்துப் பெயர் எடுங்கள். தன்னார்வலர்களும் இரு பக்கத்திலிருந்தும் வரட்டும். இன்னார் வந்தால் விட மாட்டோம் என்று ஒரு வீடு சொன்னால், ஆளை மாற்றி அனுப்பாதீர்கள். ஒருமுறை மாற்றினால் அதுவே விதியாகிவிடும். அடுத்தது சொத்து. புறவழிச்சாலை ஓரமெல்லாம் நிலம் விலையேறிக் கிடக்கும்போது, நினைவு தப்பியவரின் கைநாட்டுக்கு மதிப்பு அதிகம். செட்டில்மென்ட் பத்திரமானாலும் உயிலானாலும் எந்தத் தன்னார்வலரும் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது. வங்கிக்கோ சார்பதிவாளர் அலுவலகத்துக்கோ துணையாகவும் போகக் கூடாது. அமைப்பு நோயாளியின் குடும்பத்திடம் நன்கொடை வாங்கக் கூடாது. ஒரே ஒரு பத்திரத் தகராறில் பெயர் அடிபட்டால் நூறு வீட்டு வாசல் அடைபடும்.

அமைப்பைப் பதிவு செய்வது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1975-ஆம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் அமைக்கலாம். கணக்கை ஒழுங்காக வைத்தால் வருமான வரிச் சலுகைக்கான பதிவுகள் பின்னால் வரும். செலவு என்று பார்த்தால் பேருந்துக் கட்டணம், செல்போன், பயிற்சி நாள் சாப்பாடு. அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் முதல் செலவும் பாதியாகும். பயிற்சிக்கு வெளியே கை நீட்டத் தயங்க வேண்டாம்: 1992-இல் கேரளத்துக் குன்னங்குளத்தில் தொடங்கிய இந்திய அல்சைமர் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு, சென்னை ஸ்கார்ஃப் நிறுவனம் டிமென்ஷியா பராமரிப்புக்கென்றே ஒரு பிரிவு நடத்துகிறது. ஊருக்கும் ஒரு சிறு பயிற்சி தேவை. ஜப்பானில் 2005 முதல் ஒன்றரை மணி நேர வகுப்பு ஒன்றை அஞ்சல்காரர், கடைக்காரர், பள்ளிப் பிள்ளைகள் என்று ஒரு கோடிக்கும் அதிகமானவர்கள் கேட்டிருக்கிறார்கள். வழி தவறிய பெரியவர் முதலில் போய் நிற்பது நம் ஊரிலும் டீக்கடையில், ரேஷன் கடையில், பேருந்து நிலையத்தில்தான். அங்கே இருப்பவர்களுக்கு அமைப்பின் செல்போன் எண்ணும், அவரை அதட்டாமல் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கும் பழக்கமும் இருந்தால் பாதி தேடல் மிச்சம்.

எல்லாம் சொன்ன பிறகும், பகல் நேரக் காப்பகம் நல்லதுதானே என்ற கேள்வி நிற்கும். நல்லதுதான், அதற்கு வேளை வர வேண்டும். ஒரு வருடம் வீடுகளுக்குப் போன பிறகு, நடக்கக்கூடிய நிலையில் ஏழெட்டுப் பேர் ஒரே ஊரில், ஆட்டோவில் கால் மணி நேரத்துக்குள், இருப்பது தெரிந்தால், அவர்களின் வீட்டாரே கேட்டால், அப்போது தொடங்குங்கள். ஊராட்சிச் சமுதாயக் கூடத்தில் வாரத்தில் இரண்டு நாள், காலை பத்திலிருந்து ஒரு மணி வரை. படியில்லாத கழிவறை, பூட்டக்கூடிய வெளிக் கேட், தண்ணீர், மூன்று பேருக்கு ஒரு தன்னார்வலர், இந்த நான்கும் இல்லாத கூடம் வேண்டாம். அவல் புடைக்கவும் பூத்தொடுக்கவும் நூல் சுற்றவும் கொடுங்கள். கை பழகிய வேலை பெயர் மறந்த பிறகும் வெகுநாள் இருக்கும். வராமல் வீட்டில் படுத்துவிட்டவர்களுக்கான வருகை அதே வேகத்தில் நடக்க வேண்டும். கூடத்துக்கு ஆள் போதவில்லை என்று வீட்டு வருகையிலிருந்து எடுக்க நேர்ந்தால் கூடத்தை வாரம் ஒரு நாளாகக் குறையுங்கள்.